டீசல் காருக்குக் குளிர் எடுக்கும், தெரியுமா?

நாம் இன்னமும் எண்ணூர் துறைமுகம் என்றே சொல்கிற காமராஜர் துறைமுகம் இருப்பது பொன்னேரி தாலுகாவில். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவென்று 2001-இல் தொடங்கிய அந்தத் துறைமுகத்தில், 2010 முதல் கார்களும் கப்பல் ஏறுகின்றன என்பது தெரியுமா? ஒரகடத்தில் செய்த நிசான் மைக்ரா ஐரோப்பாவுக்குப் போனது இந்த வழியாகத்தான்! மார்கழி விடியலிலும் ஸ்வெட்டர் தேடாத ஊரிலிருந்து, கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும் ஊர்களுக்கு. நம் காரின் டேஷ்போர்டில் உள்ள ஏசி குமிழின் சிவப்புப் பக்கத்தை இங்கே யாரும் தொடுவதில்லை. அங்கே பாதி வருடத்துக்கு அதுதான் உயிர்.

அந்தச் சிவப்புப் பக்கம் எங்கிருந்து சூட்டை எடுக்கிறது? எஞ்சினிலிருந்து, இலவசமாக! பெட்ரோலோ டீசலோ, எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மீதி சைலன்சர் வழியாகவும் கூலன்ட் வழியாகவும் சூடாகவே வீணாகும். கூலன்டில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பி, அதன் மேல் காற்றை ஊதினால் ஹீட்டர் தயார்.

இங்கேதான் டீசல் மாட்டிக்கொள்கிறது. அது சிக்கனக்காரன். நல்ல டீசல் எஞ்சின் நாற்பது சதவீதம் வரை சக்தியை வேலையாக மாற்றிவிடும். வீணாக்கச் சூடு குறைவு. போதாக்குறைக்கு, பெட்ரோல் எஞ்சின் தேவைக்கேற்பக் காற்றை அடக்கி இழுக்கும். டீசல் எப்போதும் நெஞ்சு நிறைய இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது துளி டீசலுக்கு அத்தனை குளிர்ந்த காற்று! கடும் பனியில் நிறுத்தி ஓடவிட்டால், சூடேற வேண்டிய எஞ்சின் ஆறிப்போகவும் செய்யும். சின்ன டீசல் கார் என்றால் பல கிலோமீட்டர் ஓடிய பிறகும் உள்ளே இருப்பவர் கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் அதிசயம். குட்டி ரேடியேட்டரை ஒட்டி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சில பீங்கான் வில்லைகள். பேரியம் டைட்டனேட் என்கிற பொருள். சுத்தமாக இருந்தால் மின்சாரமே கடத்தாது. லாந்தனம் போன்ற ஒன்றைத் துளியளவு சேர்த்தால் கடத்தும், கடத்தும்போது சூடாகும். சுமார் 120 டிகிரியைத் தொட்டதும் அதன் படிகம் உருமாறி, மின்தடை ஆயிரக்கணக்கான மடங்கு எகிறிவிடும்! அதாவது சூடு ஏறியதும் தானே மின்சாரத்தை மறிக்கும். காற்று பட்டு ஆறியதும் தானே திறக்கும். தெர்மோஸ்டாட் வேண்டாம். சாதாரணக் கம்பி ஹீட்டரில் விசிறி நின்றுபோனால் கம்பி சிவந்து பக்கத்து பிளாஸ்டிக்கை உருக்கும். இந்த வில்லை விசிறி நின்றாலும் தன் எல்லையைத் தாண்டாது. ஈயம் கலந்து அந்த எல்லையை உயர்த்தலாம், ஸ்ட்ரான்ஷியம் கலந்து தாழ்த்தலாம். எனக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

பொன்னேரிக்கு இது அந்நியப் பொருளும் இல்லை! சுவர் பிளக்கில் செருகும் கொசு மருந்து மெஷின்கள் பலவற்றில் திரியைச் சூடாக்குவது இதே வகை வில்லைதான். பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் இதுவே. உங்கள் செல்போனுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் பொடிக் கெப்பாசிட்டர்களிலும் பேரியம் டைட்டனேட்தான்.

காருக்குத் திரும்புவோம். இந்த ஹீட்டர் ஏறக்குறைய 1 கிலோவாட் கேட்கும். 12 வோல்ட்டில் அது 80 ஆம்பியருக்கு மேல். 55 வாட் ஹெட்லைட் பல்பு பதினெட்டு எரிகிற மாதிரி! பேட்டரியை மட்டும் நம்பினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே எஞ்சின் ஓடினால்தான் அது வேலை செய்யும். ஒரேயடியாக இல்லாமல், ரிலே வழியாகப் படிப்படியாக ஏறும். வெளியே குளிரா, கூலன்ட் இன்னும் சூடாகவில்லையா, ஆல்டர்னேட்டருக்குத் தெம்பு இருக்கிறதா என்று எஞ்சின் கம்ப்யூட்டர் பார்த்துத்தான் அனுமதிக்கும். இன்னொரு வேடிக்கை: அந்த 80 ஆம்பியரைத் தர ஆல்டர்னேட்டர் கனத்துச் சுழலும், எஞ்சின் கூடுதலாக உழைக்கும், அந்த உழைப்பாலேயே கூலன்டும் சீக்கிரம் சூடாகும்! ஒரு செலவில் இரண்டு வரவு.



சரி, நமக்கு அந்தச் சிவப்புப் பக்கத்தால் என்ன பயன்? உண்டு. சித்திரை வெயிலில் ஜி.என்.டி. ரோட்டில் லாரி வரிசைக்கு நடுவே டெம்பரேச்சர் முள் ஏறினால், ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுக்கத் திருப்புங்கள். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் பக்கம் இறங்கும், ஓரமாக ஒதுங்கி நிறுத்த அவகாசம் கிடைக்கும். பழவேற்காடு ரோட்டில் மழைநாளில் கண்ணாடி உட்புறம் மங்கினால் ஏசியோடு கொஞ்சம் சூட்டையும் சேர்த்து ஊதுங்கள், நொடிகளில் தெளியும்.

சின்ன டீசல் கார்கள் இன்று அருகிவிட்டன. மாருதி 2020-இல் டீசலையே விட்டுவிட்டது. பீங்கான் வில்லைக்கோ இப்போதுதான் பெரிய வேலை! மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை, இலவசச் சூடும் இல்லை. டீசலுக்குத் துணையாக வந்த வில்லை அங்கே பல கார்களில் முழு ஹீட்டர்; 12 வோல்ட் போய் 400 வோல்ட், 1 கிலோவாட் போய் ஐந்து கிலோவாட். குளிர்நாட்டில் மின்சாரக் கார்கள் ஒரே சார்ஜில் ஓடும் தூரம் குறைய அதுவும் ஒரு காரணம்.