பனம்பழத்தில் தோய்த்த வெள்ளைச் சட்டை

எங்கள் வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். மூவருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. கொடியில் காயும்போது எது யாருடையது என்று தெரியாது. அதனால் அம்மா கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் நூலால் ஒரு புள்ளடி போட்டு வைப்பா. அக்காவுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை, தங்கைக்கு நீலம்.

அம்மம்மாவுக்குச் சீருடையில் அவ்வளவு மதிப்பு இல்லை. வீட்டில் குறுக்குக்கட்டு, கோயிலுக்கென்றால் கொய்யகம் வைத்த சேலை, அதுதான் அவவின் உடுப்பு. "எங்கட காலத்தில சீத்தைப் பாவாடை சட்டைதான். பெரியபிள்ளையானால் தாவணி. ஆர் வெள்ளை கேட்டது?" என்பா. பெரியபிள்ளையானதோடு தன் படிப்பும் நின்றுபோனதை மட்டும் சொல்லமாட்டா.

சீருடை எல்லோரையும் சமமாக்கும் என்பார்கள். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்தபின் எங்கள் வெள்ளை அப்படிச் செய்யவில்லை. எந்த வீட்டில் சவர்க்காரம் இருக்கிறது என்பதைக் காலைப் பிரார்த்தனையிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். விடியமுன் போய்ப் பொறுக்கி வருவோம். தோலை உரித்து, பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அந்தக் களியில் சட்டையை ஊறப்போட்டுக் கும்முவா அம்மா. ஊத்தை போகும். ஆனால் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசாவிட்டால் மஞ்சள் படியும், கிணற்றில் அள்ளி அள்ளிக் கை சோர்ந்துவிடும். கொடிக்குக் காவலும் இருக்கவேண்டும். பழ வாசத்துக்கு மாடு வந்து சட்டையைச் சப்பிவிடும். தங்கையின் ஒரு கை அப்படித்தான் போனது. மின்சாரம் இல்லாததால் சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்குவோம். கரியும் இல்லாவிட்டால் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுப்போம்.

ஒரு நாள் மஞ்சள் படிந்த சட்டைக்காக எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் கூலிவேலைக்குப் போய் இரவில்தான் தோய்ப்பா. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நாட்டில் இலவசச் சீருடைத் துணித் திட்டம் 1993 இல்தான் தொடங்கியது. எங்கள் வீட்டில் அக்காவின் சட்டை எனக்கு வரும், என்னுடையது தங்கைக்குப் போகும். கைமாறும்போது அம்மா அடிமடிப்பை அவிழ்த்துவிட்டு, பழைய புள்ளடியையும் பிரித்துப் புதிய நிறத்தில் போடுவா.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அம்மா பையில் முதலில் வைத்தது மூன்று வெள்ளைச் சட்டைகளை. போன இடத்தில் பள்ளிக்கூடங்கள் அகதிகளால் நிரம்பியிருந்தன.

ஊர் திரும்பிய பிறகு, சீருடையில் போனால் பிள்ளையை மறிக்கமாட்டார்கள் என்று தாய்மார் நம்பினார்கள். 1996 செப்டெம்பர் 7 இல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூட உயிரோடு திரும்பவில்லை. பிறகு அம்மா எங்களைத் தனியே அனுப்பியதில்லை.

2025 இல் செம்மணியில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டபோது ஒரு நீலப் புத்தகப்பை வெளிவந்தது. கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் ஓகஸ்ட் 5 ஆம் திகதி மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள். 1996 இல் மகனைத் தொலைத்த எங்கள் அயல்வீட்டு அக்காவும் போனா. பொத்தான் மாற்றித் தைத்த சேட்டு ஒன்றைத் தேடினாவாம். அது அங்கே இல்லை. அழுததா ஆறுதற்பட்டதா என்று அவவுக்கே தெரியவில்லை.

அன்றிரவு அவவை இருத்தி, சேட்டின் நிறம், கோடு, எத்தனையாவது பொத்தான், என்ன நூல் என்று எல்லாவற்றையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். அவவுக்கு வயது எழுபத்தைந்து. இனி ஒரு தரம் கூப்பிட்டால் கொப்பியோடு நான் போகலாம்.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு இப்போது கண் தெரிவது குறைவு. "நீல நூல் ஆருக்கு, அம்மா?" என்று கேட்டேன்.

"சின்னவளுக்கு," என்றா உடனே. "உனக்குப் பச்சை."