டயர் குடிக்கும் பெட்ரோல்

கார் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிறது என்றால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். பிளக்கைப் பார்க்கச் சொல்கிறோம். ஏர் பில்டரைத் துடைக்கச் சொல்கிறோம். டிரைவரின் வலது கால் மீதும் சந்தேகம் கொள்கிறோம். நான்கு மூலைகளிலும் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் டயர்களை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் வாகனத்தின் எரிபொருள் செலவில் 20 முதல் 30 சதவிகிதம் வரை டயர்களின் கணக்கில் சேருகிறது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே சொல்கிறது.

டயர் தேய்ந்து வேறு போடும் நாளில் கடைக்காரரிடம் நாம் கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: என்ன விலை? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்காததால், டயர்க் கடையில் மிச்சம் பிடித்த பணத்தைப் பெட்ரோல் பங்கில் கொட்டிவிடுகிறோம்.

ரப்பரின் குணம்

ஒரு ரப்பர் பந்தைக் கையிலிருந்து நழுவ விடுங்கள். அது மறுபடியும் கை உயரத்துக்கு எழும்புவதில்லை. சற்றுத் தாழவே நின்றுவிடுகிறது. தரையில் மோதி நசுங்கியபோது வாங்கிக்கொண்ட சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை உஷ்ணமாக மாற்றிவிடுகிறது.

டயரிலும் இதே கதைதான். காரின் பாரத்தால் டயர் ரோட்டில் படியும் இடத்தில் தட்டையாக நசுங்குகிறது. அந்த இடம் மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. 14 அங்குல ரிம்மில் ஓடும் சாதாரணக் கார் டயர், கிலோமீட்டருக்குச் சுமார் 510 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நசுங்கல், ஒரு நிமிர்தல், கொஞ்சம் சக்தி நஷ்டம். நெடுந்தூரம் ஓடி வந்து நின்ற காரின் டயரைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறது அல்லவா? அது பெட்ரோல் கொடுத்து வாங்கிய சூடு!

இந்த நஷ்டத்தை நிபுணர்கள் ‘உருளல் தடை’ என்கிறார்கள். ரப்பர்க் கலவை, டயரின் எடை, உள்ளே இருக்கும் கட்டுமானம் ஆகியவற்றைப் பொறுத்து இது டயருக்கு டயர் மாறும். ஒரே அளவு, ஒரே தோற்றம் உள்ள இரண்டு டயர்களில் ஒன்று லேசாக உருளும். மற்றொன்று மூக்கால் அழும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கம்பெனி டயரும் கடை டயரும்

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா திண்டாடியது. அதன் விளைவாக 1975-ல் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கார்க் கம்பெனிகள் தாங்கள் விற்கும் கார்களுக்குக் குறிப்பிட்ட சராசரி மைலேஜைக் காட்டியே தீர வேண்டும் என்று ஏற்பட்டது. 1978-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அது அமலாயிற்று. கார்க் கம்பெனிகள் என்ஜினைத் திருத்தின, எடையைக் குறைத்தன, லேசாக உருளும் டயர்களையும் கேட்டு வாங்கிப் பொருத்தின.

ஆனால் அந்த டயர்கள் தேய்ந்த பிறகு? அடுத்த செட்டை வாங்குகிறவர் கார் சொந்தக்காரர். அவருக்குச் சட்டமும் இல்லை, சோதனைச் சாலையும் இல்லை. கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போகிறார்.

அமெரிக்கக் காங்கிரஸ் கேட்டுக்கொண்டதன் பேரில், அந்நாட்டின் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் இந்த விஷயத்தை ஆராய்ந்து 2006-ல் அறிக்கை வெளியிட்டது. அங்கே ஆண்டுதோறும் தேய்ந்த டயருக்குப் பதிலாக வாங்கப்பட்டவை மட்டும் சுமார் 20 கோடி. உருளல் தடை 10 சதவிகிதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவிகிதம் மிச்சமாகும் என்று அறிக்கை கூறிற்று. இது சில்லறை என்று தோன்றலாம். தேசம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 100 கோடி முதல் 200 கோடி காலன்!

நம் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், ஒரு செட் டயரில் 40,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 2,670 லிட்டர் செலவாகும். 20 சதவிகிதம் குறைந்த உருளல் தடை உள்ள டயரைப் போட்டால் 53 முதல் 107 லிட்டர் வரை மிஞ்சும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,300 முதல் 10,700 ரூபாய். டயருக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினாலும் நஷ்டமில்லை.

மணல் செய்த உபகாரம்

லேசாக உருளும் டயர் மழையில் வழுக்காதா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். டயருக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது ரப்பரில் கலக்கும் கரித்தூள். வெகு காலம் வரை, கலவையை மாற்றி உருளல் தடையைக் குறைத்தால் ஈர ரோட்டில் பிடிமானமும் சேர்ந்து குறைந்தது. ஒன்று பணம், மற்றொன்று உயிர். எதை விடுவது?

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது மணலிலிருந்து தயாராகும் சிலிகா. அது தானாக ரப்பரோடு ஒட்டாது. இடையில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து ஒட்ட வைக்க வேண்டும். பிரான்சின் மிஷலின் கம்பெனி 1992-ல் சிலிகா கலந்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈரப் பிடிமானத்தை விட்டுக்கொடுக்காமல் உருளல் தடையைக் குறைக்கலாம் என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆயினும் எல்லா டயரும் அப்படி அமைவதில்லை. ஆகவேதான் ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் ஒவ்வொரு டயருக்கும் சீட்டு ஒட்டினார்கள். எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிமானம், ஓசை ஆகிய மூன்றும் அதில் இருக்கும். 2021 மே முதல் சிக்கனத்துக்கு ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகுப்புகள். ஒரு டன் பாரத்தை உருட்ட ஆறரைக் கிலோ இழுவிசைக்கு மேல் தேவைப்படாத டயர் ‘ஏ’, 10.6 கிலோவும் அதற்கு மேலும் கேட்பது ‘இ’. ஈரப் பிடிமானத்தைப் பொறுத்தவரை, 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் மிக நல்ல டயருக்கும் மிக மட்டமான டயருக்கும் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தும் தூரம் அது!

நம் நாட்டிலும் மத்திய அரசு 2022-ல் உருளல் தடை, ஈரப் பிடிமானம், ஓசை மூன்றுக்கும் வரம்பு விதித்து அறிவிக்கை வெளியிட்டது. ஏர்கண்டிஷனருக்குத் தருவது போல டயருக்கும் நட்சத்திரக் குறி தரும் திட்டத்தை எரிசக்தித் திறன் பணியகம் வகுத்திருக்கிறது.

புது டயர் போட்டதும் மைலேஜ் ஏன் குறைகிறது?

புது டயர் மாட்டியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோர் பலர். அவர் மீது எப்போதும் குற்றமில்லை. புது டயரில் பட்டன் கனமாக இருக்கும். நசுங்கி நெளிய ரப்பர் அதிகம். தேயத் தேய உருளல் தடை குறைந்துகொண்டே போகும். மேலும், ஆறு மில்லிமீட்டர் தேய்ந்த டயரின் சுற்றளவு சுமார் 2 சதவிகிதம் சிறுத்துவிடுகிறது. அதனால் மீட்டர், ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். பழைய டயரில் கண்ட மைலேஜில் கொஞ்சம் பொய்யும் கலந்திருந்தது! அதற்காக மொட்டை டயரில் ஓட்டக் கூடாது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கப் போகும்போது

கம்பெனி சொன்ன அளவையே வாங்குங்கள். அழகுக்காக அகல டயரும் பெரிய ரிம்மும் போட்டால் எடை கூடும், பெட்ரோலும் கூடும். பாரக் குறியும் வேகக் குறியும் பழைய டயரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. சிக்கனக் குறியைப் பார்க்கும்போதே ஈரப் பிடிமானக் குறியையும் பாருங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டமாக இருந்தால் அந்த டயர் வேண்டாம்.

வாங்கிய பிறகு காற்றைக் கவனியுங்கள். நான்கு டயர்களிலும் ஒரு பவுண்டு காற்று குறைந்தால் மைலேஜில் 0.2 சதவிகிதம் போகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஐந்து பவுண்டு குறைந்தால் ஒரு சதவிகிதம். நல்ல டயர் வாங்கிய லாபத்தில் பாதியை இந்த அசட்டையே விழுங்கிவிடலாம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும்.

டயர்க் கடை பில்லில் எழுதியிருப்பது டயரின் விலையில் ஒரு பகுதிதான். மீதியைப் பெட்ரோல் பங்கில் தவணை முறையில் வசூலித்துக்கொண்டிருக்கிறார்கள்.