கொழும்பில் தீர்ந்த டாலர், தனுஷ்கோடியில் இறங்கிய குடும்பங்கள்

2022 மார்ச் 22. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டு ஒன்றில் கைக்குழந்தையோடு தவித்த ஆறு பேரை இந்தியக் கடலோரக் காவல் படை மீட்டது. அன்றிரவே இன்னொரு படகில் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் இலங்கைத் தமிழர்கள். உள்நாட்டுப் போரின் குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்களைப் பார்த்துப் பழகிய கரை இது. இம்முறை வந்தவர்கள் சொன்னதோ அரிசி விலை, பால்மா விலை, வேலையின்மை. மண்டபம் அகதிகள் முகாமில் அவர்களுக்கு இடம் தரப்பட்டது. பின்னாலேயே மேலும் பல குடும்பங்கள் வந்தன.

டாலருக்கும் அடுப்புக்கும் என்ன தொடர்பு?

எரிபொருள், மருந்து, கோதுமை, பால்மா என இலங்கை பலவற்றையும் டாலர் கொடுத்தே வாங்குகிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலா வருமானத்தை முடக்கின. வரிக் குறைப்பு கஜானாவைக் கரைத்தது. 2021இல் ரசாயன உரத்துக்கு விதித்த தடை விளைச்சலைக் கெடுத்தது. டாலர் கையிருப்பு வற்றிய நேரம் பார்த்து உக்ரைன் போர் கச்சா எண்ணெய் விலையை ஏற்றியது. 200 இலங்கை ரூபாயை ஒட்டியிருந்த டாலர், 2022 மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

வீட்டில் முதலில் எது போகும்?

400 கிராம் பால்மா பாக்கெட் மார்ச்சிலேயே 790 ரூபாய். செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. வருமானத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் வீட்டில் முதலில் பாலும் மீனும் குறையும், பிறகு ஒருவேளைச் சாப்பாடு, அதன்பின் காதிலும் கழுத்திலும் கிடப்பது அடகுக் கடைக்கு. இலங்கையின் மன்னார்ப் பக்கத்துச் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் அது லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசு தேறாது. போகாவிட்டால் உலை கொதிக்காது. கடைசியில் வலையும் இயந்திரமும் விலைக்குப் போகும். நெருக்கடியின் நிரந்தரக் காயம் இதுதான். நகையை மீட்கலாம்; தொழில் கருவியை விற்றவர் மறுநாள் முதல் கூலிக்காரர்.

நெருக்கடி தீர்ந்துவிட்டதா?

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. பணவீக்கம் இறங்கியது. ஆனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. 2021க்கும் 2022க்கும் இடையில் வறுமை விகிதம் சுமார் 13 சதவீதத்திலிருந்து 25 ஆக இரட்டித்ததாக உலக வங்கி கணித்தது.

நெருக்கடியால் மக்கள் இக்கரைக்கு வருவது புதிதா?

இல்லை. 1930களின் உலகப் பெருமந்தத்தில் தேயிலையும் ரப்பரும் விலை விழ, இலங்கைத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்நாளில் தோட்டத்துக்குப் போவோரை நிறுத்திப் பரிசோதித்து அனுப்பிய இடமும் இதே மண்டபம்தான்.

ஏழை வீட்டை எது தாங்கிப் பிடிக்கும்?

தமிழக அரசு 2022இல் 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் அனுப்ப முன்வந்தது. அவசரத்துக்கு அது உதவும். அன்றாடப் பாதுகாப்புக்கு இரு கரைகளையும் ஒப்பிட்டாலே போதும். அக்கரையில் ஏழைகளுக்கான சமுர்த்தி என்ற அரசு உதவி ரூபாயில் கிடைத்தது; விலை ஏற ஏற அதன் மதிப்பு தேய்ந்தது. இக்கரையில் ரேஷன் அரிசி எடைக் கணக்கில் கிடைக்கிறது. சந்தையில் விலை எவ்வளவு ஏறினாலும் தராசில் கிலோ குறைவதில்லை. ஏழைக்கான உதவியை விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி அமைக்காத நாட்டில், டாலர் நெருக்கடியின் பில் அடுப்படிக்குத்தான் வரும்.