தலைமைக் காரியாலயமும் தனிப் பிரிவுகளும்

பெரியதொரு வர்த்தக நிறுவனம் பல தொழிற் பிரிவுகளை உடையதாய் வளர்ந்துவிட்டால், அதன் தலைமைப் பீடத்தில் இருப்போர் சங்கடமானதொரு கேள்வியை எதிர்நோக்குகின்றனர். ஒவ்வொரு பிரிவையும் அதன் முகாமையாளரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவதா? அன்றி, யாவற்றையும் தலைமைக் காரியாலயத்திலிருந்தே நடத்துவதா? முன்னதைச் செய்தால் பிரிவுகள் திசைக்கொன்றாய்ச் செல்லும். பின்னதைச் செய்தால், வேலையை அருகிலிருந்து அறிந்தவர் கைகட்டி நிற்க, அறியாதவர் கட்டளையிடுவார். இக்கேள்விக்கு நடைமுறையில் ஒரு விடை கண்டது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி. 1920ஆம் ஆண்டுக்கும் 1925ஆம் ஆண்டுக்கும் இடையில், ஏறக்குறைய அழிவின் விளிம்பில் நின்றுகொண்டே அக்கம்பனி அவ்விடையைத் தேடிற்று.

கம்பனியை 1908இல் நிறுவியவர் வில்லியம் டூரண்ட். புதிய கம்பனிகளை வாங்குவதில் அவருக்கிருந்த வேட்கை அளவற்றது. பியூயிக், ஓல்ட்ஸ்மொபில், ஓக்லண்ட், கடிலாக் என மோட்டார் வண்டிக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கைக்கு வந்தன. செவ்ரலே பின்னர் வந்து சேர்ந்தது. வாங்கியவற்றை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும் வேலையில் மட்டும் அவருக்கு நாட்டமில்லை. பிரிவுத் தலைவர்கள் சிற்றரசர்களைப் போல வாழ்ந்தனர். ஒவ்வொரு பிரிவும் தன் பணத்தைத் தன் வங்கிக் கணக்கிலேயே வைத்திருந்தது. பங்கிலாபம் கொடுக்கவோ வரி கட்டவோ பணம் வேண்டுமாயின், கம்பனியின் பொருளாளர் பிரிவுகளிடம் சென்று கேட்கவேண்டும். பியூயிக் பிரிவுக்குச் செல்லும்போது, வேறு விஷயங்களையெல்லாம் பேசிவிட்டு, விடைபெறும் தறுவாயிலேயே அவர் பணத்தைப் பற்றி வாய் திறப்பாராம். அவர் கேட்கும் தொகையைக் கேட்டுப் பிரிவினர் வியப்படைவராம். தன் வீட்டுப் பணத்தைத் தானே இரந்து பெறும் நிலை!

1920இல் வர்த்தக மந்தம் வந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் ஹென்றி போர்ட் தம் வண்டிகளின் விலையைக் கடுமையாகக் குறைத்தார். ஜெனரல் மோட்டர்ஸ் வண்டிகளின் விற்பனை சரிந்தது. ஆயினும், பிரிவுகள் மூலப்பொருள்களையும் உதிரிப் பாகங்களையும் வாங்கிக் குவிப்பதை நிறுத்தவில்லை. கையிருப்பின் உச்ச அளவு 15 கோடி டொலர் என நிருவாகக் குழு வகுத்திருந்தது. ஒக்ரோபர் முடிவில் அது ஏறக்குறைய 21 கோடியை எட்டியிருந்தது. கட்டளை இருந்தது, அதைக் கேட்டு நடக்கவேண்டிய நிர்ப்பந்தம் எவருக்கும் இருக்கவில்லை. நவம்பர் 30ஆந் திகதி டூரண்ட் விலகினார். பெரும் பங்காளியான டூப்பொன்ட் குடும்பத்தைச் சேர்ந்த பியேர் டூப்பொன்ட் தலைவரானார்.

புதிய தலைவரின் கையில் முன்னரே எழுதப்பட்ட ஓர் அறிக்கை இருந்தது. அதை எழுதியவர் அல்பிரட் ஸ்லோன் என்னும் பொறியியலாளர். உருளைத் தாங்கிகள் செய்யும் கம்பனியொன்றை நடத்தி, அதனோடு ஜெனரல் மோட்டர்ஸில் வந்து சேர்ந்தவர். டூரண்ட் அவ்வறிக்கையைப் பார்த்திருந்தார்; ஆனால் எதுவும் செய்யவில்லை. அதன் அடிப்படைகள் இரண்டே. ஒன்று, ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் தம் பிரிவின் மீதுள்ள பொறுப்பு எவ்வாற்றானும் குறைக்கப்படலாகாது. மற்றையது, நிறுவனம் முழுவதும் சீராக வளர்வதற்குச் சில மத்திய அதிகாரங்கள் இன்றியமையாதன. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவே என்று நேயர்கள் எண்ணலாம். ஸ்லோனே பிற்காலத்தில் அம்முரண்பாட்டை ஒப்புக்கொண்டார். விஷயத்தின் உயிரே அதுதான் என்றும் கருதினார்.

முரண்பட்ட இரண்டையும் சேர்த்து நிறுத்துதற்கு ஒரு பொது அளவுகோல் வேண்டியிருந்தது. அதைக் கொணர்ந்தவர் டூப்பொன்ட் கம்பனியிலிருந்து 1921இல் வந்த டொனல்ட்சன் பிரௌண். ஒரு பிரிவு எவ்வளவு இலாபம் ஈட்டிற்று என்று மட்டும் கேட்பது போதாது. எவ்வளவு முதலை இட்டு அதை ஈட்டிற்று? பத்து இலட்சம் இலாபம் பெறும் இரு பிரிவுகளுள் ஒன்று 50 இலட்சத்தையும் மற்றையது இரண்டு கோடியையும் முதலாகக் கொண்டிருந்தால், இரண்டும் சமமாகா. முதலின்மேற் கிடைக்கும் இந்த வருவாயை அவர் இரண்டாகப் பிரித்தார்: விற்பனையில் எஞ்சும் இலாப வீதம் ஒன்று, முதல் ஆண்டுக்கு எத்தனை முறை விற்பனையாகச் சுழல்கிறது என்பது மற்றொன்று. ஒன்றை மற்றொன்றாற் பெருக்கினால் முதலின் வருவாய் கிடைக்கும். தேங்கிக் கிடக்கும் இரும்பும் இறப்பரும் இக்கணக்கில் உடனே முகங்காட்டிவிடும். எங்ஙனம் உற்பத்தி செய்வது என்று தலைமைக் காரியாலயம் சொல்லத் தேவையில்லை. என்ன பெறுபேறு என்று கேட்டால் போதும். பணமும் 1922 முதல் கம்பனியின் பொதுக் கணக்குகளிலே செலுத்தப்பட்டது. இரந்து கேட்கும் யாத்திரை அத்தோடு முடிந்தது.

அளவுகோலோடு குறிக்கோளும் வேண்டுமல்லவா? 1921இல் அமெரிக்க மோட்டார் வண்டி விற்பனையில் நூற்றுக்கு 60 வரை போர்டிடம் இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் பங்கு 12 அளவே. அதன் பிரிவுகளோ, ஒரே விலைக்குள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்தன. அவ்வாண்டு கூடிய விசேட குழுவொன்று, 450 டொலரிலிருந்து 3,500 டொலர் வரை ஆறு விலைப் படிகளை வகுத்தது. ஒரு படிக்கு ஒரு வகை வண்டி. கீழ்ப்படியில் செவ்ரலே, உச்சியிற் கடிலாக். போர்டோடு விலையில் மல்லுக்கு நிற்காமல், சற்றுக் கூடுதலான விலைக்குச் சற்று மேலான வண்டியைக் கொடுப்பதே நோக்கம். ஒவ்வொரு பிரிவும் தான் நிற்கவேண்டிய இடத்தை அப்போதுதான் அறிந்துகொண்டது.

ஆயினும், தலைமைப் பீடமே தன் எல்லையை மீறிய சந்தர்ப்பமும் உண்டு. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் கெட்டரிங், நீருக்குப் பதிலாகக் காற்றினாற் குளிரூட்டப்படும் செப்புத் தகட்டு இயந்திரமொன்றை அமைத்தார். மேலிடம் அதில் மயங்கியது, பிரிவுகள் தயங்கின. இரண்டாண்டுக் காலம் இழுபறி நடந்தது. ஈற்றில், 1923இல் செவ்ரலே பிரிவு 759 வண்டிகளைச் செய்தது. பொதுமக்கள் கைக்குச் சென்றவை ஏறக்குறைய நூறே. யாவும் திருப்பி அழைக்கப்பட்டன. கெட்டரிங்கின் மேதைமையை ஐயுறுவார் எவருமிலர். ஆனால், வண்டியைச் செய்து விற்கவேண்டியவரிடம் பொறுப்பும், அதை வடிவமைக்கும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தால், தவறு யாருடையது என்று எவரால் கூறமுடியும்? 1923இல் தலைவராகிவிட்டிருந்த ஸ்லோன், செவ்ரலேயை அதன் பழைய நீர்க்குளிர் இயந்திரத்தோடே செல்லவிட்டார்.

அடுத்த ஆண்டு வேறொரு பாடம். பிரிவுகள் அனுப்பிய அறிக்கைகள் யாவும் நன்றாகவே இருந்தன. 1924 மே மாதத்தில் ஸ்லோனும் பிரௌணும் சென் லூயிஸ், கன்சாஸ் நகரம், லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய இடங்களுக்குச் சென்றபோது, விற்பனையாளரின் வளவுகளில் விற்காத வண்டிகள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்ணாரக் கண்டனர். தொழிற்சாலையை விட்டு வெளியேறிய வண்டியெல்லாம் விற்றதாகக் கணக்கிலே பதிவாகியிருந்ததே காரணம். ஸ்லோன் அரிதாகவே நேரடிக் கட்டளையிடுபவர். அன்று உற்பத்தியை உடனே குறைக்கும்படி கட்டளையிட்டார். அதன் பின்னர் பத்து நாளைக்கொருமுறை விற்பனையாளரிடமிருந்தே விவரம் பெறப்பட்டது. என்னைக் கேட்டால், விலைப் படிகளைவிடப் பெரிய சாதனை இதுவே என்பேன்.

போர்ட் நிறுவனத்திலோ ஒரே வண்டி, ஒரே மனிதரின் தீர்ப்பு. 1927 மே மாதத்தில் அவருடைய புகழ்பெற்ற ‘ரி’ மாதிரி வண்டியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. புதிய வண்டி டிசெம்பரிலேயே வெளிவந்தது. இடையிலே தொழிலாளர் பெருந்தொகையினர் வேலையின்றி இருந்தனர். அவ்வாண்டு விற்பனையிற் செவ்ரலே முன்னின்றது.

ஸ்லோன் வகுத்த படிகள் பின்னாளில் மெல்ல மெல்லச் சேர்ந்துவிட்டன. செலவைக் குறைப்பதற்காக ஒரே உடலமைப்பைப் பல பிரிவுகள் பகிர்ந்துகொண்டன; 1980களில் செவ்ரலே, பொன்ரியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூயிக் வண்டிகள் நான்கையும் பக்கம் பக்கமாக நிறுத்தினால் எது எதுவெனச் சொல்வது கடினமாயிற்று. மேற்படிக்கு ஏறக் கூடுதலான பணத்தைக் கொடுப்பானேன் என வாங்குவோர் எண்ணத் தலைப்பட்டனர். ஓல்ட்ஸ்மொபிலின் கடைசி வண்டி 2004 ஏப்ரலில் வெளிவந்தது. 2009 யூன் முதலாந் திகதி கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நியூயோர்க் நீதிமன்றத்துக்குச் சென்றது. அடுத்த ஆண்டு பொன்ரியாக்கும் மூடப்பட்டது.