கையைப் பார்த்துப் பேசுங்கள்

ஜொகூர் பாருவில் 1948-இல் தொடங்கிய பிரின்சஸ் எலிசபெத் பள்ளி, பார்வையற்ற பிள்ளைகளுக்காக விடுதியோடு நடக்கும் தொடக்கப்பள்ளி. அப்படியொரு பழைய பள்ளி மாநிலத்திலேயே இருப்பதால், பார்வையில்லாத குழந்தை பிறந்த வீட்டில், "ஏழு வயது ஆகட்டும், அங்கே சேர்த்துவிட்டால் எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள்" என்று ஆறுதல் சொல்வது சுலபம். பிரெயிலுக்கும் கணக்குக்கும் அந்த ஆறுதல் பொருந்தும். மனிதரோடு பழகுவதற்கும் பேசுவதற்கும் பொருந்தாது. அவற்றுக்கான அடித்தளம் முதல் மூன்று ஆண்டுகளில் வீட்டிலேயே விழுகிறது. அங்கே தவறுவதை ஏழு வயதில் ஈடுகட்டுவது பெரும்பாடு.

கண் தெரியும் குழந்தை பத்து மாதத்தில் ஒரு வேலை செய்யும். பொம்மையைப் பார்க்கும், அம்மாவைப் பார்க்கும், மறுபடி பொம்மையைப் பார்க்கும். இருவர் மனமும் ஒரே பொருளில் கூடும் அந்த நொடியில்தான் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. பார்வையில்லாத குழந்தைக்கு "அதோ பாரு நாய்" என்பது எதிலும் போய் ஒட்டாத வெறும் ஓசை. அமெரிக்காவின் மிச்சிகனில் செல்மா ஃப்ரைபெர்க் பிறவியிலேயே பார்வையற்ற பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1977-இல் நூலாக வெளியிட்டார். அக்குழந்தைகள் தாயின் குரலுக்குச் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரிக்கவில்லை. குரல் கேட்டதும் முகம் அசையாமல் அடங்கிவிடுவதும் உண்டு. அது உன்னிப்பாகக் கேட்கும் அடையாளம். பெற்றோர் கண்ணுக்கோ, பிள்ளைக்குத் தம்மீது நாட்டமே இல்லாததுபோல் படும். மனம் சோர்ந்து பேச்சைக் குறைப்பார்கள், பேச்சு குறையக் குறையக் குழந்தையும் ஒதுங்கும். பார்வையின்மையைவிடக் கூடுதலாகக் கெடுப்பது இந்தச் சுழல்தான் என்பேன். ஃப்ரைபெர்க் கண்ட வழி எளிது: முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். விருப்பம், தேடல், சலிப்பு எல்லாம் விரல்களில் தெரியும்.

"கண் போனால் காது கூர்மையாகும், தானே தேறிவிடும்" என்று ஒரு மறுப்பு வரும். பிற்காலத்தில் கேட்கும் பயிற்சி கூடலாம், ஆனால் கைக்குழந்தைக்குக் காது கண்ணின் வேலையைச் செய்வதில்லை. கண்ட பொருளை ஐந்து மாத வாக்கில் எட்டிப் பிடிக்கும் குழந்தைகள் உண்டு. ஓசையை மட்டும் நம்பிக் கை நீட்ட, பார்வையற்ற குழந்தைக்கு முதல் ஆண்டின் பிற்பகுதி ஆகிவிடுகிறது. ஓசை வந்த இடத்தில் பிடிக்கத்தக்க பொருள் ஒன்று இருக்கிறது என்பதே அதற்கு ஒரு கண்டுபிடிப்பு. ஆகவே கிலுகிலுப்பையைத் தூரத்தில் ஆட்டிக் காட்டிப் பயனில்லை. முதலில் அது கையில் இருக்கட்டும், ஆடட்டும், நழுவட்டும். பிறகு பெரியவர் தம் கையைக் குழந்தையின் கைக்கு அடியில் வைத்து இருவருமாகத் தேடலாம். மேலிருந்து பிடித்து இழுத்தால் எந்தப் பிள்ளையும் கையைச் சுருட்டிக்கொள்ளும்.

பேச்சு வந்த பிறகு வேறொரு கலக்கம். பால் வேண்டும் பிள்ளை, "உனக்குப் பால் வேணுமா?" என்றே கேட்கும். சொன்னதையே திருப்பிச் சொல்லும், உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். உடனே "ஆட்டிசம்" என்ற முத்திரை. பீட்டர் ஹாப்சனும் டோனி லீயும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நிதானம் தருகிறது. சிறுவயதில் ஆட்டிச அளவுகோலுக்குள் வந்த ஒன்பது பார்வையற்ற பிள்ளைகளை எட்டாண்டு கழித்துப் பார்த்தபோது, ஒருவர் மட்டுமே அதற்குள் நின்றார். அதே நிலையில் இருந்த பார்வையுள்ள ஏழு பேரும் மாறவில்லை. சிறிய ஆய்வுதான், பார்வையின்மையும் ஆட்டிசமும் உண்மையிலேயே சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. எனவே மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாம் மூன்றாம் வயதில் கற்ற சொற்களை இழந்தால் உடனே காட்ட வேண்டும், செவித்திறனையும் சோதிக்க வேண்டும். பார்வையற்ற குழந்தைகளின் வளர்ச்சியை அறிந்தவர் சொல்லும் முடிவாக இருந்தால் நல்லது.

பள்ளியில் மலாய்தானே, வீட்டிலும் அதையே பேசினால் என்ன என்பாரும் உண்டு. இரு மொழி கேட்பதால் பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை. பெற்றோர் தட்டுத் தடுமாறும் மொழியில் குழந்தைக்குக் கிடைப்பதோ "வா, உட்கார், சாப்பிடு" என்ற நாலு கட்டளைகள். தமிழில் சரளமாகப் பேசுபவர் தமிழிலேயே விவரிக்கட்டும். "அங்க வை" என்பதை "மேசை மேல வை" என்று மாற்றினால் போதும். விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இதைத் தனிப் பயிற்சி நேரமாக வகுக்காமல் குளிப்பாட்டுதல், சோறூட்டல், உடை மாற்றுதல் ஆகியவற்றுக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: தூக்குமுன் "தூக்கப்போறேன்" என்று சொல்லி, குழந்தை உடலாலோ விரலாலோ பதில் தரும்வரை காத்திருப்பது, சோற்றுக் கிண்ணத்தைத் தொடவிட்டு ஊட்டுவது, காலை முதல் இரவு வரை ஓடும் தொலைக்காட்சியை அந்த நேரத்திலாவது நிறுத்துவது. இந்தக் கடைசிக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு அதிகம் இருக்கும்.