செம்பியன் மாவலி வாணராயன்: ஒரு பெயரின் கதை

திருப்பதிக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். ரேணிகுண்டாவில் ரயில் நின்றதும், "எழுந்திரு, மலை தெரியுது பார்" என்று பிள்ளைகளை எழுப்பிவிடுவோம். ஆனால் அந்த ரேணிகுண்டாவிலிருந்து சிறிது தூரத்திலேயே குடிமல்லம் என்று ஓர் ஊர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயில் லிங்கம் இந்தியாவின் மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்று. கிறித்துவுக்கு முற்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. லிங்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஊரின் பழம்பெயர் திருவிப்பிரம்பேடு என்று அவை சொல்கின்றன. கூடவே ஓர் அரச குலத்தின் பெயரும் வருகிறது: மாவலி வாணராயர்.

யார் இந்த வாணர்கள்? இன்று அந்தப் பெயரில் தனியாக ஓர் இனம் இல்லை. வென்றவர்களின் சமுதாயத்துக்குள் கரைந்து போனார்கள். அது எப்படி நடந்தது என்பதைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே படிப்படியாகச் சொல்லிவிடுகின்றன. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் நாம் கேட்டுவைக்க வேண்டிய கதை இது.

வாணர் நாடு

முதலில் ஒரு விளக்கம். யாழ் மீட்டிய சங்ககாலப் பாணர்கள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் மாவலிச் சக்கரவர்த்தியின் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். வடமொழியில் பாணர், தமிழில் வாணர். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாளகுண்டாத் தூண் கல்வெட்டு, கதம்ப அரசன் மயூரசர்மன் ஸ்ரீபர்வதம் பக்கத்தில் 'பெரும்பாணர்' முதலிய அரசர்களிடம் திறை வாங்கியதாகக் கூறுகிறது. ஆக, ஸ்ரீசைலம் பக்கத்தில்தான் இவர்களை முதலில் பார்க்கிறோம்.

பிறகு மெல்ல மெல்லத் தெற்கே இறங்குகிறார்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சித்தூர், கோலார், வேலூர்ப் பகுதிகள் இவர்கள் கையில் இருந்தன. பெரும்பாணப்பாடி என்ற நாட்டுப் பெயர் அதற்குச் சாட்சி. சித்தூர் வழியாக வரும் பொன்னையாற்றின் பக்கம் திருவல்லம் இருக்கிறதே, சம்பந்தர் பாடிய தலம், அதையொட்டி வாணபுரம் என்ற ஊரே இவர்கள் பெயரில் இருந்தது. பல்லவருக்கு அடங்கிய சிற்றரசர்கள்தான். கல்வெட்டில் பல்லவனின் ஆட்சியாண்டைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். மொழியில் அவர்களுக்குப் பிடிவாதம் கிடையாது. தெலுங்கு பேசும் இடத்தில் தெலுங்கு, கோலார்ப் பக்கம் கன்னடம், குடிமல்லத்திலும் திருவல்லத்திலும் தமிழ், செப்பேட்டில் வடமொழி.

வென்றவன் கொடுத்த பட்டம்

பல்லவர் போய்ச் சோழர் வந்தார்கள். முதலாம் பராந்தகன் (ஆட்சி கி.பி. 907 முதல்) வாண அரசர் இருவரை வேரோடு பிடுங்கி எறிந்தான். அப்புறம் செய்ததுதான் கவனிக்கவேண்டியது. வாணர் நாட்டையும் 'வாணாதிராசன்' என்ற பட்டத்தையும் தன் துணைவனான கங்க அரசன் இரண்டாம் பிருதிவிபதிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். பராந்தகனின் 9ஆம் ஆட்சியாண்டுச் சோளிங்கர்க் கல்வெட்டும், 15ஆம் ஆண்டு உதயேந்திரம் செப்பேடும் இதைப் பதிவு செய்துள்ளன. அந்தக் கங்கனுக்குக் கிடைத்த பெயர் 'செம்பியன் மாவலி வாணராயன்'.

இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். செம்பியன் என்றால் சோழன். மாவலி வாணராயன் என்பது தோற்றவனின் குலப்பெயர். அதைச் சுமப்பவனோ சோழனும் அல்லன், வாணனும் அல்லன், ஒரு கங்கன்! வாளால் வெட்டியதைவிட இது ஆழமான வெட்டு. ஒரு குலத்தின் பெயரைப் பிடுங்கி விருதாக்கிவிட்டால், அப்புறம் அது யார் கழுத்திலும் தொங்கும்.

வாணர்கள் சும்மா இருந்துவிடவில்லை. இராட்டிரகூடன் கிருட்டிணனோடு நட்புக் கொண்டார்கள். கி.பி. 949இல் தக்கோலப் போரில் பராந்தகன் மகன் இராசாதித்தன் மாண்டான். தொண்டை நாடு சில காலம் இராட்டிரகூடர் வசமாயிற்று. ஆனாலும் வாணர்களின் பழைய அரசு திரும்ப எழவில்லை.

மணவழியும் பணிவழியும்

கரைவது எப்போதும் கண்ணீரோடுதான் நடக்கும் என்று நினைக்கக் கூடாது. வாணர்களின் அண்டை வீட்டார் வைதும்பர்கள்; சித்தூர், கடப்பைப் பக்கத்தவர்கள். அவர்களையும் பராந்தகன் வென்றான். ஆனால் அவன் மகன் அரிஞ்சயன் மணந்த கலியாணி என்பவள் வைதும்ப குலத்துப் பெண். அவள் மகன் சுந்தர சோழன். பேரன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனின் பாட்டி, தோற்ற குலத்துப் பெண் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வாணர் பெயருக்குப் பணிவழி திறந்தது. சோழர் காலத்தின் பிற்பகுதியில் சேலம் மாவட்டத்து ஆறகழூரில் மகதை நாட்டுத் தலைவர்களாக வாணகோவரையர்கள் தோன்றுகிறார்கள். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்து 'பொன்பரப்பினான்' என்று பெயர் எடுத்தவர் இவர்களுள் ஒருவர். பாண்டிய நாட்டிலும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. தஞ்சைவாணன் கோவையின் தலைவன் மானாமதுரைப் பக்கத்துத் தஞ்சாக்கூர்க்காரன். 15ஆம் நூற்றாண்டில் அழகர்கோயில் வட்டாரத்தில் மாவலி வாணாதிராயர்கள் ஆண்டார்கள். இவர்கள் எல்லாரும் பேசியது தமிழ், வாழ்ந்தது தமிழ் வாழ்வு. வேங்கடத்தில் தொடங்கிய பெயர் வைகை வரைக்கும் நடந்துவிட்டது. ஆனால் அதைச் சுமந்தவர்களில் பழைய குலத்து இரத்தம் யாரிடம், வெறும் பட்டம் யாரிடம் என்று பெயரை வைத்து மட்டும் பிரிக்க வழியில்லை.

அதே மண்ணில் தமிழ்

வாணர்களை விழுங்கிய தமிழுக்கு அதே மண்ணில் என்ன ஆயிற்று? தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழே. விசயநகர வேந்தன் கிருட்டிணதேவராயன்கூட 1513இல் தன் கொடைகளைத் தெலுங்கோடும் கன்னடத்தோடும் தமிழிலும் வெட்டிவைத்தான். பிறகு நிருவாகம், பள்ளி, கடைவீதி எல்லாம் மெல்லத் தெலுங்கின் பக்கம் சாய்ந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இதில் தெலுங்கு மக்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை; அவர்களுக்கும் அது பழைய தாய்மண்தான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். திருமலையில் இன்றும் மார்கழி வந்தால் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதுகிறார்கள். சுவரிலுள்ள தமிழ்க் கல்வெட்டைப் போகிற வருகிற கூட்டத்தில் யாரும் நின்று படிப்பதில்லை. இரண்டும் அதே கோயில், அதே தமிழ்தான். ஆனால் ஒன்றுக்கு அன்றாட வேலை இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை.

வாணர் கதை நமக்குச் சொல்வதும் இதைத்தான். தோற்ற அன்று அவர்கள் அழியவில்லை. பெயர் இருந்து, அதற்கு உள்ளே இருந்த வாழ்வு போனபோதுதான் அழிந்தார்கள். நாமும் பிள்ளைகளுக்கு இளங்கோ, கயல்விழி என்று ஆசை ஆசையாய்ப் பெயர் வைக்கிறோம். சாப்பாட்டு மேசையில் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று அவர்களிடம் தமிழில் கேட்கிறோமா, அதற்கு அவர்கள் தமிழில் பதில் சொல்கிறார்களா? அந்தப் பதில் நின்றுபோன வீட்டில் இளங்கோ என்பதும் ஒரு வாணராயன் பட்டம்தான். அடுத்த முறை திருப்பதி போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குடிமல்லம் போய்வாருங்கள். பிள்ளைகளைக் கல்வெட்டு முன்னால் நிறுத்தி, இரண்டு எழுத்தாவது கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.