செராமிக் கோட்டிங் அப்புறம்... முதல்ல அந்தக் கடையோட துணியைப் பாருங்க!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல, ரமணாசிரமம் பக்கம் ரெண்டு நாள் கார் நின்னாலே போதும். பானெட் முழுக்க புழுதி, கண்ணாடியில் பறவை எச்சம், கூரை மேல குரங்கு நடந்த தடம். ஆசிரமத்து மயில்கள் வேற! பளபளக்கும் கதவுல தெரியுற தன் உருவத்தையே எதிரின்னு நினைச்சுக் கொத்துற பழக்கம் ஆண் மயிலுக்கு உண்டு.

14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சுட்டு வந்து இதைப் பார்த்தா, உடனே போனை எடுத்து 'பக்கத்துல கார் டீட்டெய்லிங்'னு தேடத்தான் தோணும். ஸ்டார் ரேட்டிங்கையும் இன்ஸ்டா போட்டோக்களையும் மட்டும் நம்பிப் போகாதீங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய்ப் பசை கீறலை நிரப்பி மறைச்சுடும். ரெண்டு மூணு வாஷ் போனதும் கீறல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

விஷயம் என்னன்னா, கார் பெயின்ட்டுக்கு மேல கிளியர் கோட்னு ஒரு நிறமில்லாத படலம் இருக்கு. பல கார்களில் அது 50 மைக்ரானைத் தாண்டாது. அதாவது தலைமுடியை விட மெல்லிசு. கீறலை 'எடுக்கறது'ன்னா, சுத்தியிருக்கிற கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்ச்சுக் குறைக்கறதுதான். தேய்ஞ்சது திரும்ப வளராது. அதனால, வர்றவங்க எல்லாருக்கும் 'ரப்பிங் போட்டுடலாம் சார்'னு சொல்ற கடை கொஞ்சம் ஆபத்து. நல்ல கடைக்காரர் முதல்ல பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரை வெச்சுப் பார்ப்பார். நகத்தால் வருடும்போது நகம் மாட்டுற அளவுக்கு ஆழமான கீறலா? 'இது பாலிஷ்ல போகாது, டச்சப்தான்'னு நேரா சொல்லிடுவார். மயில் கொத்தின இடத்துல பெரும்பாலும் இந்தக் கதைதான்.

சரி, கடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டியைக் கொடுக்காம பத்து நிமிஷம் சும்மா நின்னு வேடிக்கை பாருங்க. புழுதியைத் தண்ணி அடிச்சு இறக்கிட்டுத்தான் துணியைத் தொடுறாங்களா? காய்ஞ்ச மண் மேல துணியைப் போட்டா அது உப்புத்தாள்தான். ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், துணியை அலச இன்னொண்ணு இருக்கா? கீழே விழுந்த துணியை உதறிட்டு மறுபடி பானெட்ல போட்டா, அப்படியே கிளம்பிடுங்க. போர்வெல் தண்ணியை வெயில்லயே காய விட்டாலும் அப்படித்தான். அந்த வெள்ளைப் புள்ளிகளை எடுக்க தனியா ஒரு பில் வரும்!

அடுத்து செராமிக் கோட்டிங். '9ஹெச் சார், கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாது'ம்பாங்க. அந்த 9ஹெச், பென்சில் முனையால கீறிப் பார்க்கிற சோதனையோட அளவு. ஹைவேல பறந்து வர்ற கல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணி ஒட்டாது, அழுக்கு சுலபமா போகும். அது நிஜம். அதுக்குக் காசு கொடுக்கலாம்.

எச்சத்துக்கு மட்டும் கடையைத் தேடிட்டு இருக்காதீங்க. அதுல இருக்கிற அமிலம் வெயில்ல பெயின்ட்டை அரிச்சுடும். ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேல போட்டு ஊறவெச்சு, தேய்க்காம எடுத்துடுங்க.

டெலிவரி எடுக்கும்போது போன் டார்ச்சை பெயின்ட் மேல அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரிஞ்சா, பாலிஷ் சரியில்லை. ராத்திரி 8 மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கச் சொன்னா, 'காலைல வெயில் வந்ததும் வர்றேன் அண்ணா'ன்னு சொல்லிடுங்க.